பூச்சி பத்தி எங்க மொட்டைமாடியில அடிக்கடி கேக்குற கேள்விகள்

திருச்சில எங்க அபார்ட்மென்ட் மொட்டைமாடில கொஞ்சம் தொட்டிச் செடி வெச்சிருக்கேன், அவ்ளோதான் என் தகுதி. ஆனா செடி வந்தா பூச்சி வரும், பூச்சி வந்தா பிள்ளைங்க வரும், பிள்ளைங்க பின்னாடியே "அக்கா இது கடிக்குமா"ன்னு அவங்க அம்மாங்களும் வருவாங்க. ஆறேழு வருஷமா அதே கேள்விங்க திரும்பத் திரும்ப வருது, அதான் ஒரே எடத்துல எழுதிப் போட்டுட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், திருத்தல.

எட்டுக்கால் பூச்சின்னு பேர்லயே பூச்சி இருக்கு, அப்புறம் எப்படி அது பூச்சி இல்லங்கறீங்க?

தமிழ்ல நாம ஊர்ற சின்ன உயிர் எல்லாத்தையும் பூச்சின்னுதான் சொல்றோம், பாம்பைக் கூட ராத்திரில "பூச்சி"ன்னு சொல்ற பாட்டிங்க இருக்காங்க. அது பேச்சு வழக்கு, தப்பே இல்ல. ஆனா அறிவியல் பாடத்துல பூச்சின்னா கணக்கு வேற. ஆறு கால் இருக்கணும், உடம்பு தலை, மார்பு, வயிறுன்னு மூணு பாகமா இருக்கணும், தலைல ரெண்டு உணர்கொம்பு இருக்கணும். பெரும்பாலும் ரெக்கையும் இருக்கும், ஆனா இருந்தே ஆகணும்னு இல்ல, தலைப்பேனுக்கு ரெக்கை கிடையாது, ஆனா அது பூச்சிதான்.

இந்தக் கணக்குப்படி சிலந்தி, தேள், நாய் மேல இருக்குற உண்ணி மூணும் எட்டுக்கால் கட்சி. பூரான், மரவட்டை (எங்க பிள்ளைங்களுக்கு ரயில் பூச்சி) இதெல்லாம் தனிக் கட்சி. கால எண்ணிட்டு வான்னு அனுப்பினீங்கன்னா பிள்ளைங்க அரை மணி நேரம் சத்தமே போடாம இருப்பாங்க, இது அம்மாக்களுக்கான டிப்ஸ்.

கம்பளிப்புழுவுக்கு ஆறு கால விட அதிகமா இருக்கே அத்தை, நான் எண்ணிட்டேன்!

சரியாத்தான் எண்ணிருக்கே. முன்னாடி தலைகிட்ட இருக்குற மூணு ஜோடிதான் நிஜக் கால். நடுவுலயும் கடைசிலயும் குட்டையா சதை மாதிரி ஒட்டிட்டு இருக்குறது பிடிச்சுக்கறதுக்கான பொய்க்கால், வளந்து பட்டாம்பூச்சி ஆகும்போது அதெல்லாம் போயிடும், முன்னாடி ஆறு மட்டும் மிஞ்சும். அதனால மேல சொன்ன கணக்கு உடையல.

மழை பேஞ்சதும் மண்ணுல செகப்பா வெல்வெட் மாதிரி ஓடுதே அது என்ன பூச்சி?

பட்டுப்பூச்சின்னு சில ஊர்ல சொல்வாங்க, தம்பலப்பூச்சின்னும் சொல்வாங்க, பழைய தமிழ்ல மூதாய். முதல் கேள்வில சொன்ன மாதிரி கால எண்ணுங்க, வளந்ததுக்கு எட்டு இருக்கும். அதனால இதுவும் பூச்சி இல்ல, சிலந்தி உண்ணிங்களோட சொந்தக்காரன். கடிக்காது. தீப்பெட்டில போட்டு மூடி வெச்சா செத்துடும், பாத்துட்டு விட்டுடுங்க.

தட்டான் தாழப் பறந்தா மழை வரும்ங்கறது உண்மையா, இல்ல சும்மாவா?

முழுசா சும்மா இல்ல. மழைக்கு முன்னாடி காத்துல ஈரம் ஏறும்போது குட்டிக் குட்டிக் கொசு, ஈ எல்லாம் தரைக்குப் பக்கத்துல சுத்தும், அதப் பிடிக்கத் தட்டானும் கீழ எறங்கும்னு விளக்கம் சொல்வாங்க. ஆனா அத நம்பி துணிய எடுக்காம இருக்கறதும், குடை எடுத்துட்டுப் போறதும் உங்க பாடு.

எனக்குத் தட்டான்ல ஆச்சரியம் வேற. மழைக்காலம் முடியுறப்ப கூட்டம் கூட்டமா மஞ்சளா பறக்குமே, அந்த வகை இந்தியாவுலேர்ந்து கெளம்பி மாலத்தீவு வழியா கடலத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகுதுன்னு 2009ல மாலத்தீவுல இருந்த ஒரு உயிரியலாளர் எழுதினார். அங்க வருஷா வருஷம் அக்டோபர் வாக்குல தட்டான் வந்து எறங்குறதப் பாத்து, நல்ல தண்ணியே சரியா இல்லாத தீவுக்கு இது எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சதுல ஆரம்பிச்சது அது. ஏன்னா தட்டான் முட்டை போடறது தண்ணிலதான், குஞ்சு வளர்றதும் தண்ணிக்குள்ளதான், அங்க அது கொசுப் புழுவத் தின்னு தீர்க்கும். உக்காரும்போது ரெக்கைய விரிச்சே வெச்சிருந்தா தட்டான், பெரும்பாலும் முதுகு மேல மடிச்சு வெச்சுட்டு ஒல்லியா இருந்தா ஊசித்தட்டான். ரெண்டுக்கும் வால்ல நூல் கட்டாதீங்க, நாங்க சின்ன வயசுல கட்டினோம்ங்கறது ஒரு காரணம் இல்ல.

கறிவேப்பிலைச் செடிய ஒரு பச்சைப்புழு மொட்டை அடிச்சுடுச்சு, மருந்து எது அடிக்கலாம்?

இந்தக் கேள்விதான் எனக்கு மாசத்துக்கு மூணு வாட்டி வருது. தயவுசெஞ்சு எதுவும் அடிக்காதீங்க, அது அனேகமா கறிவேப்பிலை அழகி இல்லன்னா எலுமிச்சை அழகியோட புழு. நாட்டு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பத்துச் செடி, அதனால இந்த ரெண்டு பட்டாம்பூச்சியும் அந்த எலைலதான் முட்டை போடும், வெளிர்மஞ்சளா கடுகு விட சின்னதா ஒவ்வொண்ணா ஒட்டிருக்கும். பொரிஞ்ச புதுசுல புழு பாக்க அசல் குருவி எச்சம், அப்படி இருந்தா பறவை கொத்தாதுல்ல, அதுக்குத்தான் அந்த வேஷம். வளந்து கடைசித் தோல் உரிச்சதும் திடீர்னு பச்சையாயிடும். தொட்டுப் பாருங்க, தலைக்குப் பின்னாடிலேர்ந்து செகப்பாவோ ஆரஞ்சாவோ ரெண்டு கொம்பு மாதிரி நாக்க நீட்டும், ஒரு மாதிரி புளிச்ச நாத்தம் அடிக்கும். கொட்டாது, மெரட்டும், அவ்ளோதான்.

வீட்ல வளக்கணும்னா பெரிய வாய் இருக்குற பாட்டில், மேல மெல்லிசுத் துணி, தினம் புது எலை, தினம் கழிவைத் தட்டி விடறது, உள்ள ஒரு குச்சி. தண்ணி தெளிக்காதீங்க, பூஞ்சை வந்துரும். நல்லா தின்னு முடிச்சதும் ஒரு நாள் சாப்பிடாம அலையும், பிள்ளைங்க "அத்தை செத்துப் போகப் போகுது"ன்னு அழுவாங்க, இல்ல, கூட்டுப்புழு ஆக எடம் தேடுது. அப்புறம் பத்து நாள் முன்னப்பின்ன காத்திருக்கணும். வெளிய வர்றப்ப கஷ்டப்படுதேன்னு கூட்டைப் பிச்சு உதவி பண்ணாதீங்க, அது வெளிய வந்து தொங்கிட்டு உடம்புலேர்ந்து நீரை ரெக்கைக்குள்ள ஏத்தினாத்தான் ரெக்கை விரியும், அவசரப்படுத்தினா கோணலாவே நின்னுடும். வந்ததும் செகப்பா ரெண்டு சொட்டு விழும், ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள சேந்த கழிவு.

எல்லா வாட்டியும் நல்லபடியா முடியாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க. ஒரு தடவை நாங்க காத்திட்டு இருந்த கூட்டுலேர்ந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலா எறும்பு சைஸுல ஏகப்பட்ட குட்டிக் குளவிங்க பொலபொலன்னு வந்துச்சு, ஒட்டுண்ணிக் குளவி முன்னாடியே உள்ள முட்டை போட்டுட்டுப் போயிருக்கு. ரெண்டாம் வகுப்புப் பாப்பா ஒண்ணு ரெண்டு நாள் என்கூடப் பேசல.

கம்பளிப்பூச்சி பட்டு உடம்பெல்லாம் அரிக்குது, உடனே என்ன பண்றது?

தேய்க்காதீங்க, அதான் முதல் விஷயம். தேய்ச்சா முடி இன்னும் உள்ள போகும். பட்ட எடத்துல செல்லோடேப் ஒட்டி ஒட்டி எடுங்க, முடி டேப்போட வரும், அப்புறம் சோப்புப் போட்டு ஓடற தண்ணில கழுவிட்டு ஐஸ் ஒத்தடம் குடுங்க. போட்டிருந்த துணியையும் தொவைச்சுடுங்க. கண்ணுல பட்டிருந்தா வீட்டு வைத்தியமே வேணாம், நேரா கண் டாக்டர். முருங்கை மரத்துல அடிமரத்துல கூட்டமா ஒட்டிருக்கும், பிள்ளைங்களுக்கு அந்த எடத்தக் காட்டி வெச்சுட்டாப் போதும்.

பட்டாம்பூச்சி ரெக்கைல இருக்குற பவுடர் கண்ணுல பட்டா கண்ணு போயிடுமாமே? அது ஒரு நாள்தான் வாழும்னும் சொல்றாங்க

ரெண்டும் இல்ல. அந்தப் பவுடர் மீன் செதில் மாதிரி அடுக்கி வெச்ச குட்டிச் செதில், ரெக்கைக்கு நிறமே அதுதான். கண்ணுல பட்டா தூசி பட்ட மாதிரி உறுத்தும், கழுவிக்கலாம். ஆனா நாம பிடிச்சா செதில் உதிர்றது அதுக்குக் கஷ்டம், அந்தக் கோணத்துல பாட்டி சொன்ன பொய் நல்ல பொய். ஆயுசு பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம், சிலது மாசக்கணக்குல இருக்கும்.

நம்ம மாநிலத்துக்குன்னே ஒரு பட்டாம்பூச்சி இருக்கு, 2019ல அறிவிச்சாங்க, தமிழ் மறவன்னு பேரு, ஆரஞ்சு நெறம், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் பாக்கலாம். நம்மூர்ல பாக்கணும்னா ஸ்ரீரங்கம் தாண்டி மேலூர்ல வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கு, காலைல வெயில் லேசா ஏறுற நேரத்துல போங்க, மத்தியானம் போயிட்டு "ஒண்ணுமே இல்ல"ன்னு என்கிட்ட வந்து சொல்லாதீங்க.

கருப்பு எறும்பு சாமி எறும்பு, கடிக்காது, செகப்பு எறும்புதான் கடிக்கும், சரியா?

வீட்டுக்குள்ள தறிகெட்டு ஓடுற சின்னக் கருப்பு, அதான் பிள்ளையார் எறும்பு, அது கடிக்காதுன்னே வெச்சுக்கலாம். ஆனா கட்டெறும்பும் கருப்புதானே, அதுகிட்ட மாட்டினவங்க யாரும் இந்த விதிய நம்ப மாட்டாங்க. கலர வெச்சு முடிவு பண்ணாதீங்க.

மாமரத்துல எலைங்கள ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டுமே முசுறு, அத எட்டி நின்னு பாருங்க. வளந்த எறும்புக்குப் பட்டு நூல் வராது, அதனால தன் கூட்டத்தோட புழுவ வாயில கவ்விட்டு வந்து, அது விடற நூலால ரெண்டு எலைய ஒட்டித் தைக்கும், பசை ட்யூப்ப அமுக்கி ஒட்டுற மாதிரி. அப்புறம் வரிசை பத்தி எல்லாரும் கேப்பாங்க, முன்னாடி போனது தரைல வாசனை தடவிட்டுப் போகுது, மத்தது மோந்துட்டே வருது. சந்தேகம்னா வரிசைக்குக் குறுக்க விரலால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, அந்த எடத்துக்கு வந்ததும் எல்லாம் முழிக்கும்.

ஈசல் எறும்போட குட்டியா? புற்றுல பாம்பு இருக்குமா?

ஈசல் ரெக்கை முளைச்ச கரையான். கரையான் எறும்பே இல்ல, வெள்ளை எறும்புன்னு சொல்றதால வந்த குழப்பம், உறவு முறைல பாத்தா அது கரப்பானுக்குத்தான் பங்காளி. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கிருக்கும், கரையானுக்கு இடுப்பே இருக்காது, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒரு செகண்ட்ல தெரிஞ்சிடும். மழை பேஞ்ச ஈரத்துல ஆணும் பொண்ணுமா பறந்து வந்து, ஜோடி சேந்து, ரெக்கைய உதிர்த்துட்டு, தப்பிச்சது புதுக் குடும்பம் ஆரம்பிக்கும். தப்பிக்காதது காக்கா, பல்லி, அப்புறம் நம்ம ஆளுங்க. பொரியரிசியோட ஈசல் வறுத்துத் தின்ன ஞாபகம் கிராமத்துக்காரங்களுக்கு இருக்கும், சங்கப் பாட்டுலயே ஈயல் சமையல் வருது, மூஞ்சிய சுளிக்காதீங்க.

புற்று கட்டறது கரையான்தான். பாம்புக்குக் குழி தோண்டத் தெரியாது, காலியா இருந்தா போய்த் தங்கிக்கும், கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்த கதை பழமொழில மட்டும் இல்ல. அதனால புற்றுக்குள்ள கை விட வேணாம்.

ஆம்பளக் கொசு கடிக்காதுன்னு பையன் சொல்றான், கிண்டல் பண்றானா?

உண்மையத்தான் சொல்றான். முட்டை வளர்றதுக்குப் புரதம் வேணும், அதுக்குத்தான் பொண்ணு ரத்தம் குடிக்குது. ஆணுக்குச் செடிச் சாறும் பூத்தேனும் போதும்.

பெரியவங்க தெரிஞ்சுக்க வேண்டியது வேற: டெங்குக் கொசு பகல்ல கடிக்கும், கால்ல வெள்ளை வளையம் இருக்கும், சாக்கடைல இல்ல, நம்ம வீட்டு நல்ல தண்ணில முட்டை போடும். ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, மணி பிளான்ட் பாட்டில், தேங்காய்ச் செரட்டை, மாடில கெடக்குற டயர். முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல பாத்திரச் சுவத்துல ஒட்டிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது, அதனால தண்ணிய ஊத்தினா மட்டும் பத்தாது, சுவத்தத் தேய்ச்சுக் கழுவணும். முட்டைலேர்ந்து கொசு ஆக ஒரு வாரம் பத்து நாள், அதான் வாரம் ஒருக்கா பண்ணச் சொல்றது. மேல்நிலைத் தொட்டிய மூடாம விட்டா மலேரியாக் கொசுவும் வரும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்ப ரொனால்ட் ராஸ் கண்டுபிடிச்சது நம்ம செகந்திராபாத்துல, 1897 ஆகஸ்ட் 20, அந்தத் தேதியத்தான் கொசு தினம்னு வெச்சிருக்காங்க. எச்ஐவி கொசுவால பரவுமான்னு தனியா வந்து மெதுவாக் கேப்பாங்க, பரவாது, அந்த வைரஸ் கொசு வயித்துல செரிச்சுப் போயிடும்.

ஜன்னல்ல குளவி மண் கூடு கட்டிருக்கு, வீட்ல கொழந்தை பொறக்கும்னு மாமியார் இடிக்க விட மாட்றாங்க, இடிக்கலாமா?

மாமியார் பேச்ச இந்த ஒரு விஷயத்துல கேளுங்க. மண் கூடு கட்டற குளவி தனி ஆளு, கூட்டமா வந்து தாக்காது, கையால பிடிச்சு அமுக்கினாத் தவிர கொட்டாது. கூட்டுக்குள்ள நடக்கறதுதான் கதை. குளவி போய் ஒரு புழுவயோ சிலந்தியவோ கொட்டும், அது சாகாது, அசைய முடியாம மரத்துப் போகும், அதத் தூக்கிட்டு வந்து உள்ள அடுக்கி, ஒரு முட்டை போட்டு, மண்ணால பூசிடும். பொரிஞ்ச குஞ்சு அந்தக் கெடாத கறியத் தின்னே வளந்து, குளவியா சுவத்த ஓட்டை போட்டு வெளிய வரும். நம்ம ஆளுங்க உள்ள புழு போனதயும் வெளிய குளவி வந்ததயும் பாத்துட்டு "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்"னு பழமொழி போட்டுட்டாங்க. பாத்தது சரி, நடுவுல நடந்ததுதான் வேற. மேல கறிவேப்பிலைக் கேள்வில சொன்ன ஒட்டுண்ணிக் குளவியும் இந்த வேலையத்தான் வேற மாதிரி பண்ணுது. ஓட்டை விழுந்த பழைய கூடு கெடச்சா பிள்ளைங்களோட சேந்து ஒடைச்சுப் பாருங்க, சில சமயம் காஞ்ச சிலந்திங்க மிச்சம் இருக்கும்.

இதெல்லாம் மண் கூட்டுக்கு மட்டும். பனைமரத்துலயோ பெரிய மரத்துலயோ பானை மாதிரி தொங்குற கதண்டுக் கூடுன்னா கிட்டயே போகாதீங்க, கல்லு எறியாதீங்க, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணுங்க.

தேனீ கொட்டினா சுண்ணாம்பு தடவலாமா?

விஷம் தோலுக்கு உள்ள போயாச்சு, மேல சுண்ணாம்பு தடவினா அது திரும்பி வராது. தேனீ கொடுக்குல முள்ளு இருக்கும், நம்ம தோல்ல மாட்டிக்கிட்டுப் பிச்சுட்டு வந்துரும், அதனால அது செத்துப் போகும், கொடுக்கு மட்டும் நம்ம உடம்புல நின்னு விஷத்தப் பம்ப் பண்ணிட்டே இருக்கும். எவ்ளோ சீக்கிரம் நகத்தால சுரண்டி எடுக்கறீங்களோ அவ்ளோ நல்லது, அப்புறம் ஐஸ். குளவிக்கு முள்ளு இப்படி மாட்டாது, அது திரும்பத் திரும்பக் கொட்டும். மூச்சுத் திணறல், ஒதடு நாக்கு வீங்குறது, மயக்கம், இதுல ஒண்ணு வந்தாலும் ஒரே கொட்டுன்னாலும் உடனே ஆஸ்பத்திரி.

ட்யூப்லைட்டுக்கு வர்ற ஆரஞ்சு கருப்புப் பூச்சி பட்டு கழுத்துல கோடு மாதிரி கொப்பளம், அக்கியா?

அக்கின்னு காவி பூசிட்டு வந்தவங்க எத்தனையோ பேர். அது எறும்பு மாதிரி ஒல்லியா, ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி இருக்குற ஒரு வண்டு, மழைக்காலத்துல வயல் பக்கத்து வீடுங்களுக்கு லைட்டத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது, ஆனா அதோட ரத்தத்துல எரிக்கிற விஷம் இருக்கு. நாம தூக்கத்துல பட்டுன்னு அடிச்சு நசுக்கி இழுக்கறோம்ல, அந்தக் கோட்டுலதான் அடுத்த நாள் கொப்பளம் வரும். மேல உக்காந்தா ஊதி விடுங்க. நசுக்கிட்டீங்கன்னா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க, அந்தக் கையால கண்ணத் தொடாதீங்க. ஒரு வேளை நிஜமாவே அக்கியா இருந்துட்டா, அதனால டாக்டர்கிட்ட காட்டிடறது நல்லது.

லைட்டுக்கு ஏன் வருதுங்கறதுக்கும் இதோடயே பதில். நெலான்னு நெனச்சு வழி தவறுதுன்னு ரொம்ப நாளா சொன்னாங்க. 2024ல வேக கேமரா வெச்சு எடுத்த ஆராய்ச்சில தெரிஞ்சது என்னன்னா, பறக்கற பூச்சி வெளிச்சம் இருக்குற பக்கம் மேல்னு முதுகக் காட்டும், வானம் மட்டும் வெளிச்சமா இருந்த காலத்துல அது சரி, பல்பு வந்ததும் அதச் சுத்தியே மாட்டிக்குது. விட்டில் பாவம், வெளக்கு மேல காதல் எல்லாம் இல்ல.

கரப்பான் தலை இல்லாம உயிரோட இருக்குமா? வெள்ளைக் கரப்பான் வேற ஜாதியா?

இருக்கும், ஒரு வாரம் கூட. அதுக்கு மூச்சு உடம்போட பக்கத்துல இருக்குற ஓட்டைங்க வழியா, நம்மள மாதிரி ரத்தம் பீச்சி வெளியேறாது, காலை ஆட்டுறதுக்கு மார்புலயே நரம்பு முடிச்சு இருக்கு. கடைசில தண்ணி குடிக்க வாய் இல்லாமத்தான் சாகும். வெள்ளையா இருக்குறது இப்பத்தான் தோல் உரிச்சது, சில மணி நேரத்துல பழுப்பாயிடும்.

நாங்கல்லாம் பொன்வண்டு வளத்தோம், இப்ப பிள்ளைக்குப் பிடிச்சுக் குடுக்கலாமா?

தீப்பெட்டி, கொடுக்காப்புளி எலை, காலைல எந்திரிச்சதும் முட்டை போட்டிருக்கான்னு பாக்கறது, எனக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த முட்டை எதுவும் பொரிச்சதே இல்ல, யோசிச்சீங்களா? அது மண்ணுல முட்டை போடற வண்டு, புழு மண்ணுக்கடில வேரைத் தின்னு வளரணும், தீப்பெட்டில அது நடக்காது. பெரிய வண்டா வெளிய இருக்கறது கொஞ்ச வாரம்தான், அந்த வாரத்த நாம பெட்டில வெச்சுப் பூட்டறோம். செத்துக் கெடந்தா எடுத்து வெச்சுக்கோங்க, அந்தப் பச்சை மினுமினுப்பு சாயம் இல்ல, ஓட்டோட அமைப்புல வெளிச்சம் பட்டு வர்ற நெறம், அதனால பல வருஷம் ஆனாலும் மங்காது. வகைவகையா பாக்க ஆசைன்னா கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பூச்சிக்குன்னே அருங்காட்சியகம் இருக்கு, 2018ல தொறந்தது.

அப்போ எதையுமே கொல்லக் கூடாதா? நீங்க கொசு பேட் வெச்சிருக்கீங்களே?

வெச்சிருக்கேன். கொசு, மூட்டைப்பூச்சி, சமையல்கட்டுக் கரப்பான், கதவத் திங்கற கரையான், பேன், இதுங்களோட எனக்குச் சமாதானம் கிடையாது. ஆனா உலகத்துல பேர் வெச்ச பூச்சி இனம் மட்டும் சுமார் 10 லட்சம், அதுல நம்ம வீட்டுக்குள்ள தொல்லை குடுக்கறது கைவிரல்ல எண்ணிடலாம். அந்தக் கைவிரல் ஆளுங்களுக்காக மாடி பூராவும் மருந்தடிச்சா தட்டானும் கும்பிடுபூச்சியும் முதல்ல போகும், கொசுதான் சீக்கிரமாத் திரும்பி வரும்.

பூச்சிக்கு வலிக்குமா அத்தை?

இதக் கேட்டது நாலாம் வகுப்புப் பையன், நான் ரெண்டு நாள் டைம் வாங்கினேன். சூடு பட்டா, அடிபட்டா பூச்சி வெலகும், அது நிச்சயம். நமக்கு மாதிரி வலியா உணருதாங்கறதுல விஞ்ஞானிங்களே இன்னும் வாதாடிட்டுத்தான் இருக்காங்க. 2022ல லண்டன்ல ஒரு ஆராய்ச்சில பெரிய வண்டுத்தேனீங்ககிட்ட குட்டி மரப்பந்து வெச்சாங்க, சாப்பாடு பரிசு எதுவும் இல்லாமயே திரும்பத் திரும்ப வந்து உருட்டுச்சாம், வயசான தேனீங்கள விட எளசுங்க அதிகமா. வெளையாடத் தெரிஞ்சா வலியும் தெரியலாம்ல, அப்படித்தான் அவன்கிட்ட சொன்னேன்.

அதுலேர்ந்து அவன் டப்பா மூடில ஓட்டை போட்டுத்தான் எடுத்துட்டு வர்றான், சாயங்காலம் பாத்து முடிச்சதும் விட்டுடறான். போன வாரம் விட்டது ஒரு கரப்பான், எங்க வீட்டு வாசல்ல.